ஒரு பவுனுக்கும் குறைவான எடை: சேலம், ஏற்காடு வலசைப் பறவை நாட்குறிப்பு

அக்டோபர் 4, சனி. அஸ்தம்பட்டி

சென்னை பஸ் புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது விடியவில்லை. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று ஆட்டோவின் முன்னால் வதங்கித் தொங்கியது. இன்று புரட்டாசி மூன்றாம் சனி, பெரியம்மா வீட்டில் தளிகை. நான் இதற்குத் தவறாமல் வந்துவிடுவதைப் பெரியம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்கள். தெருமுனைப் பூங்காவும் சேர்ந்துதான் என்னை இழுத்து வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். பையைத் திண்ணையில் வைத்த கையோடு பைனாகுலரை எடுத்தேன். "காபியாவது குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றார்கள். குடித்துவிட்டுப் போனேன்.

பூங்கா அரை ஏக்கர் இருக்கும். வட்டமாக ஒரு நடைபாதை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம். வடமேற்கு மூலையில் மட்டும் யாரும் போகாத ஒரு துண்டு நிலம். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், இரண்டு புங்கன், அடியில் உண்ணிச்செடிப் புதர், கணுக்கால் புதையும் சருகு. நடக்க வருகிறவர்களுக்கு அது குப்பை மூலை. எனக்கு இந்தப் பூங்காவில் வேறு எந்த இடமும் வேண்டாம்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு தூங்குமூஞ்சியின் உச்சியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "ட்சிவீ." கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் "ட்சிவீ." பச்சைக் கதிர்க்குருவி வந்துவிட்டது. கையெல்லாம் சிலிர்த்தது. மூன்று வருடமாக இதே வாரத்தில் இதே மரத்தில் இதைக் கேட்கிறேன்.

இந்தக் குருவியைப் பார்ப்பது கஷ்டம், கேட்பது சுலபம். முதுகு மங்கல் பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு புருவக்கோடு, சிறகில் மெல்லிய ஒரு பட்டை, அவ்வளவுதான். ஒரு இலையில் ஒரு நொடிகூட நிற்காது. இலையின் அடிப்பக்கத்தைக் கொத்திவிட்டு அடுத்த இலைக்குத் தாவிவிடும். பைனாகுலரைத் திருப்புவதற்குள் கிளைதான் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இரட்டை ஒலியை ஒரு தடவை காதில் வாங்கிவிட்டால், சேலத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் வேப்பமரத்துக்கு வேப்பமரம் அது இருப்பது தெரியும். குளிர்காலத்தில் இவை ஜோடியாக இருப்பதில்லை. ஆணானாலும் பெண்ணானாலும் தனித்தனியாக ஆளுக்கு ஒரு பங்கு மரம் பிடித்துக்கொண்டு, "இது என் இடம்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பறவைகளும் உண்டு. நான் மூன்று வருடமாகக் கேட்பது ஒரே பறவையைத்தானா என்று காலில் வளையம் போட்டிருந்தால்தான் சொல்ல முடியும். ஒன்றே என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

பூங்காவின் கம்பிவேலியில் ஒரு பழுப்புக் கீச்சானும் இருந்தது. கண்ணில் கறுப்பு மை இழுத்தது போன்ற பட்டை. "ர்ர்ர்ரக்" என்று கரகரப்பாகக் கத்திக்கொண்டு, வாலை இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இது சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வருவது. வந்தவுடன் முதல் வேலை கத்துவதுதான். பிறகு அந்த வேலியை மார்ச், ஏப்ரல் வரை விடாது. வெட்டுக்கிளி மிஞ்சினால் முள்ளில் குத்தி வைத்துச் சாப்பிடும்.

தளிகைக்கு வந்த அக்கா மகள் (ஏழாம் வகுப்பு, காலாண்டு விடுமுறை நாளையோடு முடிகிறது) சாயங்காலம் என்னோடு வந்தாள். "சித்தி, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணை மூடியபடியே கையை நீட்டி, "அங்க" என்றாள். சரியாகத்தான் காட்டியிருந்தாள்.

இரவு சாப்பிடும்போது பெரியம்மா ஆறுமணிக் குருவியைப் பற்றிச் சொன்னார்கள். கொல்லையில் கிணறு இருந்த காலத்தில் கறிவேப்பிலை மரத்தடியில் வந்து சருகைக் கிளறுமாம். காலை ஆறு, மாலை ஆறு, கடிகாரமே வேண்டாமாம். கிணற்றை மூடி சிமெண்ட் போட்ட பிறகு அது வரவில்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் பறவை அது. உடம்பில் ஒன்பது நிறம் என்பதால் வடக்கே நவ்ரங் என்பார்கள். அக்டோபரில்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் இறங்கும். இறங்கினால் அது தேடுவது நிழலும் ஈரச் சருகும். இந்தப் பூங்காவில் அந்த மூலையைத் தவிர வேறு எங்கே போகும்?

அக்டோபர் 5, ஞாயிறு. மூக்கனேரி

காலை ஐந்தே முக்காலுக்கு அக்கா மகள் தலைகூடச் சீவாமல் வாசலில் நின்றாள். கன்னங்குறிச்சிக்கு டவுன் பஸ்.

மூக்கனேரியின் கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடிவந்து தங்கும் ஏரி இது. சாக்கடையும் குப்பையுமாகக் கிடந்ததை 2010இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். இன்று அவை தண்ணீருக்கு நடுவே தோப்புகளாக நிற்கின்றன. நாயும் ஆளும் எட்ட முடியாத தோப்பு ஊருக்கு நடுவில் வேறு எங்கே கிடைக்கும்? கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நாங்கள் கரையோரப் புதருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

"சக்... சக்." இரண்டு கூழாங்கல்லைத் தட்டியது போல. பிளித் நாணல் கதிர்க்குருவி. நாணல் என்று பெயரில் இருந்தாலும், இங்கே வந்தபின் சாதாரணப் புதரும் தோட்ட வேலியும் போதும் அதற்கு. முழுக்கப் பழுப்பு, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849இல் இதை முதலில் விவரித்து எழுதினார், அதனால் அவர் பெயர். பின்லாந்திலிருந்து ரஷ்யா வழியாகக் கிழக்கே வரை கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு முழு இனமும் நம் துணைக்கண்டத்தை நம்பித்தான் வருகிறது. ஐரோப்பாவில் இருக்கும் எத்தனையோ பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது இது மட்டும் தென்கிழக்காகத் திரும்பி நம்மிடம் வருவதை நினைத்தால் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது.

மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக இருந்தன. அக்கா மகள் எண்ணினாள், 63. "தகைவிலான்னா என்ன சித்தி?" தகைவு என்றால் தடை, களைப்பு என்றும் பொருள் உண்டு. இரண்டும் இல்லாதவன். பறந்துகொண்டே தின்று, பறந்துகொண்டே தண்ணீரைத் தொட்டுக் குடித்துவிட்டுப் போகும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்? அவள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

எட்டு மணிக்குச் சூறைக்குருவிகள் ஒரு கூட்டம் வேலமரத்தில் இறங்கி, ஒரே சமயத்தில் சந்தைக் கடை போலப் பேசிவிட்டு, ஒரே சமயத்தில் கிளம்பிப் போனது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு வளர்ப்பவை இவை. வருகிறவர்களில் சீக்கிரம் வந்து தாமதமாகப் போகிறவை இவை.

திரும்பும்போது தட்டுவடை செட் சாப்பிட்டோம். காரம் தூக்கலாகக் கேட்டவள் அவள், கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு.

அக்டோபர் 6, திங்கள். அஸ்தம்பட்டி

இன்றைக்கு நடந்ததை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் என்பதால் சீருடையிலேயே வந்திருந்தாள். பூங்காவுக்கு எதிரே, மெயின் ரோட்டைப் பார்த்தபடி, முகம் முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு புதிய கடைக் கட்டடம் எழுந்திருக்கிறது. ரோட்டைத் தாண்டும்போது அதன் படிக்கட்டில் ஒரு காய்ந்த இலை மாதிரி கிடந்தது. அவள்தான் குனிந்தாள்.

பச்சைக் கதிர்க்குருவி. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கழுத்து துவண்டு கிடந்தது. ஒரு இறகுகூடக் கலையவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் எங்கள் தூங்குமூஞ்சி மரம் அப்படியே நின்றது, இலை இலையாக, பின்னால் வானத்தோடு. மரத்துக்கும் மரத்தின் நிழலுருவுக்கும் அந்தப் பறவை எப்படி வித்தியாசம் காணும்? எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. கட்டடத்துக் காவலாளி அண்ணன், "காலையில கூட்டுறப்ப அப்பப்ப கெடக்கும்மா. போன வாரம் நீலமா ஒண்ணு" என்றார்.

சனிக்கிழமை கேட்ட பறவையா இது? மறுபடி மரத்தடிக்கு ஓடினோம். அரைமணி நேரம் நின்றோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மைனா, அணில், காக்கை. "ட்சிவீ" கேட்கவில்லை.

எதிர்வீட்டு மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் சாமி விளக்கேற்றி, தராசைத் துடைத்து வைப்பார். அவரிடம் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டி, எடை போட்டுத் தர முடியுமா என்று அக்கா மகள் கேட்டாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. மாமா ஒன்றும் சொல்லாமல் ஃபேனை நிறுத்தினார். காற்று பட்டால் முள்ளுக்கும் எண்ணுக்கும் நிலை இருக்காது. தட்டில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து, அதன் எடையைக் கழித்து, இரண்டு கையாலும் பறவையை எடுத்து வைத்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார். எண்கள் ஓடி நின்றன.

7.4 கிராம்.

"ஒரு பவுன்கூட இல்லையே கண்ணு" என்றார் மாமா. பவுன் எட்டு கிராம்.

பறவை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். இந்த இனம் கூடு கட்டுவது பால்டிக் கடலோரத்திலிருந்து சைபீரியா வரையும், இமயமலைச் சரிவுகளிலும். திபெத்திய மேட்டுநிலத்தைச் சுற்றி வளையம் போல வாழ்கிறது. அந்த வளையத்தில் பக்கத்துக்குப் பக்கம் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போய், சைபீரியாவில் இரண்டு நுனிகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் பாட்டை மற்றது தன் இனத்தின் பாட்டாக ஏற்பதில்லை. இந்தக் குருவியை உலகமெங்கும் உயிரியலாளர்களுக்குத் தெரிய வைத்தது அதுதான். இந்த ஒன்று யூரல் மலைக் காட்டிலிருந்து புறப்பட்டிருந்தால் 5,000 கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறது. இந்த ஜூனில் பொரித்த குஞ்சாக இருந்தால், வழியைக் காட்ட அப்பா அம்மாகூடக் கூட வரவில்லை. மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்துத் தானே கொண்டு வந்து தூங்குமூஞ்சிக்கு அடியில் குழி தோண்டிக் கொடுத்தார். அவள் பள்ளிக்கு அரைமணி நேரம் தாமதம். காரணத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரவு பௌர்ணமி. ஒன்பதரைக்கு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நிலாவுக்கு நேராகப் பைனாகுலரைப் பிடித்தோம். இது பழைய முறை. ராடார் வருவதற்கு முன்பு, இரவில் பறவைகள் போவதை எண்ண நிலாவின் வட்டத்தைத் தாண்டும் நிழல்களைத்தான் எண்ணினார்கள். கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் போன்ற சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் போகும். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பி, விடியும்போது கீழே பச்சையாக எது தெரிகிறதோ அதில் இறங்கும். இரவில் காற்று அமைதி, உடம்பு சூடாகாது, வல்லூறுகள் தூங்கும். பகல் முழுக்கத் தின்னலாம்.

கை வலித்தது. பத்து நிமிடம் வெறும் நிலா. பிறகு ஒரு புள்ளி இடமேலிருந்து வலக்கீழாக அரை நொடியில் கடந்தது. "பாத்தேன்!" என்று கத்தினாள். கீழே பெரியம்மா பயந்துபோய், என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு. நாலில் இரண்டு வௌவாலாகக்கூட இருக்கலாம். ஆனால் நிலா மறைப்பது வானத்தில் எவ்வளவு சின்னத் துண்டு! அதன் குறுக்கே இத்தனை போனால், அஸ்தம்பட்டிக்கு மேலே, கொசுவர்த்தி ஏற்றிவிட்டுத் தூங்கும் இந்த ஊருக்கு மேலே, எத்தனை போய்க்கொண்டிருக்கும்?

அவளுக்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்டினேன். சேலம் கிட்டத்தட்ட 11.7 பாகை அட்சரேகையில் இருப்பதால் துருவமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், சேர்வராயன் மலை முகட்டுக்குச் சற்று மேலே. யூரலில் அது பாதி வானத்துக்கு மேல் நிற்கும். தெற்கே வர வர அது இறங்கிக்கொண்டே வரும். 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஞ்சுகளைக் கோளரங்கத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை அவை குஞ்சிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கின்றன என்று கண்டார். பிற்பாடு அந்தப் புள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறப்பதுதான் தெற்கே போவது. பூமியின் காந்தப்புலமும் துணைக்கு இருக்கிறது. இவ்வளவும் அந்த 7.4 கிராமுக்குள் இருந்தது.

நாலாவது புள்ளியைப் பார்த்த பிறகு அவள் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "சித்தி, அந்தக் கட்டடத்துல ராத்திரியும் லைட் எரியுதா?" என்றாள். எட்டிப் பார்த்தோம். மேல்மாடி முழுக்க எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய். ஏற்காடு

அக்கா மகளுக்குப் பள்ளி, நான் மட்டும் கிளம்பினேன். பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏற முடிந்தது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கீழே முள்ளும் மூங்கிலும் காய்ந்த வாசனை. ஏழெட்டு வளைவு தாண்டியதும் காதடைத்து, ஜன்னல் கம்பி குளிர ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடியும், அடியில் காபியும். இந்த மலையில் காபி வந்தது 1820களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்.

பெரியப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவருடைய தோட்டத்தில் தங்கல். பெரியது இல்லை, ஆனால் நாட்டு மரங்களை வெட்டாமல் வைத்திருக்கிறார். பலா, நாவல், அத்தி, ஊடே சில்வர் ஓக். காபிக் காய்கள் இன்னும் பச்சை, அங்கங்கே ஒன்றிரண்டு மஞ்சள் தட்டுகிறது. மேஸ்திரி ஐயா என்னைத் தோட்டத்துப் பாதையில் கூட்டிப்போனார். கொஞ்ச தூரம் போனதும் கையால் தடுத்தார்.

பாதை நடுவே, சருகுமேல், ஒரு கொடிக்கால் வாலாட்டி. இதைப் பார்க்கத்தான் நான் மலையேறினேன். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, சிறகில் கறுப்பும் வெளிர்மஞ்சளும் மாறி மாறி. வாலாட்டிக் குருவி எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது ஒன்றுதான் பக்கவாட்டில் ஆட்டும், வாலோடு இடுப்பும் சேர்ந்து அசையும். மேஸ்திரி ஐயா, "புதுப் பொண்ணு குடம் தூக்கிட்டு நடக்குற மாதிரி நடக்கும்மா. ஆயுத பூஜை முடிஞ்சா வந்துரும், சித்திரைல இருக்காது" என்றார். கிழக்காசியாவின் காடுகளில், கொரியா, ஜப்பான் பக்கம்கூடக் கூடு கட்டும் பறவை அது. வெற்றிலைக் கொடிக்காலின் நிழலும் ஈர மண்ணும் பிடிக்கும் என்பதால் நம்மவர்கள் வைத்த பெயர். வருகிறது தெரியும், போகிறது தெரியும், எங்கே போகிறது என்று மட்டும் அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஜப்பான் என்று சொன்னதும் அந்தக் குருவியை மறுபடி ஒரு தரம் நின்று பார்த்தார்.

பத்து மணிக்கு, பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடிப் போகும் ஒரு கூட்டுவேட்டை எங்களைக் கடந்துபோனது. முதலில் வெள்ளைக்கண்ணிகளின் கீச்சொலி, பிறகு மின்சிட்டுகள் தீப்பொறியாக, பிறகு பலா மரத்தில் கதிர்க்குருவிகள். ஊரில் ஒன்று ஒன்றாக இருந்தவை இங்கே உள்ளூர்ப் பறவைகளோடு சேர்ந்து திரிகின்றன. பச்சைக் கதிர்க்குருவி குறைந்தது ஐந்து இருக்கும். "ட்சிவீ" கேட்டபோது தொண்டை அடைத்தது. பழுப்பு ஈப்பிடிப்பான் ஒன்று காய்ந்த கொம்பில் உட்கார்ந்து, பறந்து ஒரு பூச்சியைப் பிடித்து, அதே கொம்புக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. பதினான்கு தடவை எண்ணினேன், அக்கா மகளின் நோட்டுக்காக.

தோட்டக்காரரிடம் மதியம் நிறையப் பேசினேன். ஜமைக்காவின் காபித் தோட்டங்களில் செய்த ஆய்வுகளில், வலசை வரும் கதிர்க்குருவிகள் காபிக் காயைத் துளைக்கும் வண்டைத் தின்று பயிருக்கு ஏற்படும் சேதத்தைக் குறைப்பதைக் கண்டிருக்கிறார்கள். பறவைகள் நுழையாதபடி வலை கட்டிய செடிகளில் சேதம் கூடியிருந்தது. இங்கேயும் அந்த வண்டுதான் இவர்களுக்குத் தலைவலி. "மரத்த வெட்டுனா வெயில் விழும், காய் கூடும்னு சொல்றாங்க. எங்கப்பா வெட்டல, நானும் வெட்டல" என்றார். அவர் மனைவி கருப்பட்டிக் காபி கொண்டு வந்தார்கள். அவர்கள் தோட்டத்துக் கொட்டைதான்.

அக்டோபர் 8, புதன். சேர்வராயன் கோயில்

மழை. மலை உச்சியில் மேடை போல விரிந்த புல்வெளி, குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. வலசைப் பறவை என்று பார்த்தது ஏரிக்கரையில் நனைந்துகொண்டு ஓடிய ஒரு கரும்சாம்பல் வாலாட்டி மட்டும். திரும்பும் வழியில் பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இரண்டு நொடி தெரிந்தது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத பறவை, எங்கேயும் போகாதது. ஈரத் துணியோடு சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 9, வியாழன். அஸ்தம்பட்டி

மதியம் இறங்கி வந்தால், பூங்கா மூலையில் ஒருவர் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கத் தயாராக நின்றார். ஓடினேன். அவர் மேல் தப்பில்லை. நடக்க வருகிறவர்கள் கொசு வருகிறது, பாம்பு வருகிறது என்று சொன்னதால் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வதைவிடப் பெரியம்மா சொன்னால் எடுபடும் என்று அவர்களைக் கூட்டிவந்தேன். முப்பது வருடம் அந்தத் தெருவில் இருப்பவர்கள். "ஆறுமணிக் குருவி வந்து இறங்குற எடம் தம்பி அது. பாதையில கெடக்கறத அள்ளிக்க, அந்த மூலையில கெடக்கறத மாத்திரம் உடு. எதாச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார்கள். அந்த அண்ணன் குவித்ததையும் மூலைக்கே திருப்பிக் கொட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் அக்கா மகளோடு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். மேலாளர் நன்றாகவே கேட்டுக்கொண்டார். ஒரு பருந்துப் படம் ஒட்டினால் போதாது, பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் போய் மோதும் என்று விளக்கினேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், 5 செ.மீ.க்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ இருந்தால்தான் தன்னால் நுழைய முடியாத இடம் என்று சின்னப் பறவைக்குப் புரியும். ஸ்டிக்கர் வாங்கச் செலவாகுமே என்றார்.

"புள்ளிக் கோலம் வெச்சிரலாமே சித்தி" என்றாள் அவள்.

வெள்ளை போஸ்டர் கலர், பெரியம்மா வீட்டு ஏணி, இஞ்ச் டேப். மரம் தெரியும் கீழ்த்தளக் கண்ணாடி நான்கு மட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொன்னார். இரண்டு இஞ்ச் கணக்கில் புள்ளி வைத்துக்கொண்டே போனோம். காவலாளி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு மாமா வந்து வரிசை கோணுகிறது என்று திருத்தினார். கண்ணை இமைக்காமல் பொடி வேலை செய்கிற கை, எங்களைவிட வேகமாக வைத்தார். எட்டரைக்கு முடிந்தது. மழைச்சாரலில் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். கரைந்தால் இன்னொரு தரம் வைப்பாள். பத்து மணிக்கு மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். மேல்மாடி விளக்கு அணைந்திருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

காலை 5:50. தூங்குமூஞ்சி. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். மைனா. அணில். கீச்சான் வேலியில் திட்டிக்கொண்டிருந்தது. ஆறே கால் வரை ஒன்றும் இல்லை. கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். எனக்குக் கேட்கவில்லை. புங்கனை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு எனக்கும் கேட்டது. "ட்சிவீ."

அதே பறவையா, காலியான மரத்துக்கு வந்த வேறொன்றா என்று அவள் கேட்டாள். காலி மரத்தை இன்னொன்று பிடிப்பது உண்டு என்று சொன்னேன். நோட்டில் இரண்டையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பைனாகுலரை அவளிடம் விட்டுவிட்டு வந்தேன். ஏப்ரல் வரை கடன்.

அக்டோபர் 15, புதன். சென்னை

காலை 6:20க்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, 22 நொடி. முதலில் பெரியம்மா வீட்டுக் குக்கர் விசில். அப்புறம் அவள் கிசுகிசுக்கும் குரல்: "உஷ், பாட்டி." கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு தெளிவாக, இரண்டு சுரம். மறுபடி ஒரு தரம். பெரியம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வது கேட்கிறது.

கீழே எழுதியிருந்தாள்: "ஆறுமணிக் குருவி. குப்பை மூலை. 6:02."